துடைப்பத்துக்கு வைத்த பொத்தான் கண்கள்

கூடத்தைக் கூட்டலாம் என்று பெரியவள் துடைப்பத்தைத் தேடினாள். மூலையில் இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் இல்லை. கடைசியில் பார்த்தால் அது கூடத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றின் முதுகோடு சேர்த்து அதை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். நீளமான கைப்பிடியின் உச்சியில் இரண்டு பெரிய நீலப் பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. கட்டியிருந்தது அவளுடைய அளவு நாடா. பொத்தான்கள், வாடிக்கைக்காரர் ஒருவரின் குளிர்கோட்டுக்காக அவள் கடை கடையாக அலைந்து வாங்கி வைத்தவை. நேற்றிலிருந்து அவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

துடைப்பத்துக்கு எதிரே அவளுடைய வீட்டுக்காரர் நின்றிருந்தார். மிச்சத் திரைத்துணியில் அவளே தைத்துக் கொடுத்த நீள அங்கியைப் போட்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ போ மகளே. கப்பலை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று துடைப்பத்திடம் தழுதழுத்தார்.

"என்னங்க இது?"

"ஐயோ அக்கா," என்றான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்ற சின்னவன். "நல்லா வந்துட்டிருந்துச்சு. நடுவுல பேசிட்டியே."

"எது நல்லா வந்துட்டிருந்துச்சு? என் பொத்தானா?"

"அது பொத்தான் இல்லக்கா. கண்ணு."

"யாரோட கண்ணு?"

"மழையோட கண்ணு."

பெரியவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மழைங்கறது எனக்குப் பொண்ணும்மா. எங்கயோ தூரத்துல இருக்கா," என்றார், ஏதோ பிரசவத்துக்குக் கூட இருந்தவர் மாதிரி.

அவள் வாசலறைக்குப் போய்த் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். வீடு குப்பையாகவே கிடந்தது. ஒரு ஆள் கிறுக்கனாக இருந்தால் திட்டலாம். இரண்டு ஆளும் சேர்ந்துகொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சின்னவன் அவளுடைய ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவள் வீட்டில்தான் இருக்கிறான். நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. கறுப்புப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவான். சாயங்காலம் வரும்போது நகக்கண்ணெல்லாம் கறுப்பு மாவு அப்பியிருக்கும். கை சுத்தமானவன், வேலை தெரிந்தவன். கையில் எடுத்ததை முடிக்கமாட்டான், அது ஒன்றுதான் அவனிடம் குறை. அந்த ஒன்று போதாதா?

கித்தார் வாங்கினான். விரல் வலிக்கிறது என்று அலமாரி மேல் போட்டான். தபாலில் பட்டப்படிப்பு சேர்ந்தான். கடைசிப் பரீட்சை எழுதும் நாளன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். கார் நன்றாகவே ஓட்டுவான். உரிமத்துக்கான சோதனைக்கு மட்டும் இன்றுவரை போகவில்லை. பின்கட்டில் ஒரு சைக்கிள் நிற்கிறது, முன்பாதி பச்சை, பின்பாதி துரு. ஒவ்வொரு முறையும் அவன் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும். "விட்டுடலாம்க்கா." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி படரும். அந்த நிம்மதியைப் பார்த்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவள் நேர் எதிர். வாசலறையில் இரண்டு இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைக்கிறாள். ஒரு நூல் தொங்கினாலும் துணி வாசலைத் தாண்டாது. படித்தது குறைவு. அதனால்தானோ என்னவோ, தம்பி ஒன்றையாவது முழுதாக முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு. 'என் தம்பி இதை முடித்தான்' என்று தெருவில் நாலு பேரிடம் வாய்நிறையச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு இதுவரை அவன் ஒரு வாய்ப்பும் கொடுத்ததில்லை.

இப்போது கொடுத்த வாய்ப்பு இது. துடைப்பத்துக்குக் கண்.

இது தொடங்கியது அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஒரு கப்பல் தொடர் வரும். கடலில் போகும் கப்பல் இல்லை, நட்சத்திரங்களுக்கு நடுவில் வழி தெரியாமல் அலையும் கப்பல். அதில் ஒரு கேப்டன், அவருக்கு ஒரு மகள். கதை முற்றி, கேப்டன் ஒரு கதவில் கை வைக்கிறார், அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் அந்த நேரத்துக்குத் தோட்டம் போடுவது எப்படி என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். தொடரை நிறுத்திவிட்டார்கள். சின்னவன் அது தெரியாமல், தோட்டக்காரர் முடித்ததும் கப்பல் வரும் என்று இருட்டும்வரை தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. அப்பா கப்பலைப் பார்த்துக்கறார். போய்ச் சாப்பிடு."

"நீ சும்மா சொல்ற."

சும்மாதான் சொன்னாள். அவனைச் சாப்பிட வைக்க வேண்டுமே. ஆனால் உலகம் பூராவும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி வரமுடியாத ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேரும் இணையத்தில் ஓரிடத்தில் கூடி, வராமல் போன அந்தக் கடைசிப் பகுதியைத் தாங்களே எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். தொடரின் சொந்தக்காரர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள், ஒரே நிபந்தனை, அதை வைத்து யாரும் காசு பார்க்கக்கூடாது.

"அப்போ யார் உனக்குச் சம்பளம் தருவாங்க?" என்று அவள் முதல்நாளே கேட்டாள்.

"யாரும் தரமாட்டாங்க."

"உன் பேராவது வருமா?"

"டோனர்னு வரும்."

"அது மெஷின்ல போடற கறுப்பு மாவுடா."

"அங்க அதான்க்கா என் பேரு."

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் ஆளின் பெயர் பூனை. அது ஆணா பெண்ணா என்று அவள் கேட்டதற்கு, "கேட்கக்கூடாது," என்றான். வயது? கேட்கக்கூடாது. என்ன வேலை, எந்த ஊர், கல்யாணம் ஆனவரா? ஒன்றும் கேட்கக்கூடாது. ஆளைப் பற்றிக் கேட்பதில்லை, வேலையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அதுதான் அங்கே முதல் விதி. கதையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். வேண்டிய துண்டை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். சொன்ன நாளுக்குள் முடிக்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும், கோபதாபம் கிடையாது. முடித்து அனுப்பினால் 'பிரமாதம்', 'அருமை' என்றெல்லாம் யாரும் எழுதமாட்டார்கள். துண்டு மற்றத் துண்டுகளோடு பொருந்தினால் பூனை ஒரே ஒரு சொல் எழுதும். 'சேர்ந்தது.'

"அந்த ஒரு வார்த்தைக்கா இவ்வளவு பாடு?"

"ஆமாக்கா."

"ஏன்டா?"

"சும்மாதான்க்கா."

இந்த 'சும்மாதான்'-ஐ வைத்துக்கொண்டு ஒரு அக்கா என்ன செய்வாள்?

சின்னவன் எடுத்துக்கொண்டது கடைசிக் காட்சி. மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேப்டன் கப்பலிலேயே தங்கிவிடுகிறார். மகளாக நடித்த மழை எங்கோ தன் வீட்டிலிருந்து தன் பங்கை ஏற்கெனவே எடுத்து அனுப்பியிருந்தாள். அவள் முகம் மட்டும் தெரிகிற காட்சி அது. கேப்டனின் பங்கைச் சின்னவன் எடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒட்டினால், ஒரே அறையில் நின்று பேசியது போல இருக்கும். எதிரே ஆள் இல்லாமல் பேசும்போது பார்வை அலையாமல் இருக்கத்தான் துடைப்பமும் பொத்தானும்.

கேப்டனுக்கு ஆள் தேடவே இல்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் காவலர். நல்ல உயரம், அகன்ற நெஞ்சு, நரை ஓடிய அடர்த்தியான மீசை. முதலில், "என்ன மாப்பிள்ளை, கப்பல் எங்க போயிட்டிருக்கு? வழியில என்னை ஆஸ்பத்திரில இறக்கி விட்டுடு," என்று கேலி செய்துகொண்டிருந்தவர்தான். அங்கியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து கேலி நின்றுவிட்டது. தண்ணீர் கேட்கும்போதுகூடக் கேப்டன் குரலில் கேட்க ஆரம்பித்தார்.

எடுத்து முடித்து அனுப்பினார்கள். சின்னவன் வேலைக்குப் போகும்போது மெல்லப் பாடிக்கொண்டு போனான். பெரியவள் பொத்தான்களைப் பிய்த்தெடுத்து, பசையைச் சுரண்டி, கோட்டில் தைத்துக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மேலாளர், காவலர்கள் யாருக்கும் மீசை கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் துக்கத்தோடு மழித்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்துப்போய், உறை கழற்றிய தலையணை மாதிரி இருந்தது.

அந்த வாரமே பூனையிடமிருந்து பதில் வந்தது. 'சேரவில்லை.'

சாயங்காலம் மூவரும் மேசையில் உட்கார்ந்து, ஒட்டிப் பார்த்த காட்சியைக் கைப்பேசியில் பார்த்தார்கள். மழை ஈரக் கண்ணோடு ஏறிட்டுப் பார்க்கிறாள். அடுத்து கேப்டன். உருக்கமாகத்தான் பேசுகிறார். ஆனால் மகளின் தலைக்கு மேலே, சுவரில் ஓடும் பல்லியிடம் பேசுவது போல இருந்தது.

"நான் நல்லாத்தானே பேசியிருக்கேன்," என்றார் வீட்டுக்காரர்.

"பல்லி அழுதிருக்கும்," என்றாள் பெரியவள்.

விஷயம் இதுதான். மழை உட்கார்ந்தபடி நடித்திருந்தாள். முகம் மட்டும் தெரிந்ததால் அது இவனுக்குத் தெரியவில்லை. நிற்கிறாள் என்று நினைத்துத் துடைப்பத்தின் உச்சியில் கண் வைத்துவிட்டான்.

"நிக்கறியா உக்காந்திருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"ஆளைப் பத்திக் கேட்கக்கூடாதுக்கா."

"உக்காந்திருக்கியான்னு கேட்கறது ஆளைப் பத்தியா?"

"உக்காந்திருக்கேன்னு சொன்னா ஏன்னு ஒரு கேள்வி வரும். உடம்பு முடியாதவங்களா இருக்கலாம். நடக்க முடியாதவங்களா இருக்கலாம். அதெல்லாம் வேணாம்னுதானே எல்லாரும் அங்க வர்றாங்க."

உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் இப்படி ஒரு தப்பைச் செய்யாது என்று அவளுக்குத் தோன்றியது. மரியாதை முற்றிப்போய் ஒருவரையொருவர் உயரம்கூடக் கேட்காமல் படம் எடுக்கிறார்களே.

மகளைப் பார்த்துப் பேசும் இடத்தை மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கதவு என்பவர் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று பூனை எழுதியிருந்தது. அந்தக் கதவு யார், சன்னல் யார் என்று பெரியவளுக்குத் தெரியாது. ஆனால் சின்னவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்ததும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது.

அவன் மாமாவின் மழித்த முகத்தைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்தான். முகத்தில் அந்த நிம்மதி படர்ந்தது.

"விட்டுடலாம்க்கா. கதவு நல்லா எடுப்பார்."

பெரியவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசை மேல் வைத்தாள். ஓசை வராமல் வைத்தாள். அதனாலேயே இரண்டு ஆண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கித்தாரை விட்டே. ஒண்ணும் சொல்லல. பரீட்சையை விட்டே. பொறுத்துக்கிட்டேன். அந்தச் சைக்கிள் பாதி பச்சையா நிக்குது, துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்குது. அதெல்லாம் பிரயோஜனமான வேலை, கஷ்டம், விட்டுட்டே. இது ஒரு பிரயோஜனமும் இல்லாத வேலை. காசு இல்ல, பேர் இல்ல, ஊர் இல்ல. இதைக்கூடப் பாதியில விட்டா அப்புறம் உனக்கு விடறதுக்கு என்னடா மிச்சம் இருக்கு?"

"அக்கா, மாமாவுக்கு மீசை இல்ல."

"அது என் பாடு."

"மழை எவ்வளவு உயரத்துல உக்காந்திருந்தாங்கன்னு தெரியாது."

"கேளு."

"கேட்க மாட்டேன்."

"அப்போ போனைக் கொடு."

அவன் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர்தான் நைசாக எடுத்துக் கொடுத்தார். பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துத் தட்டினாள். சின்னவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

'நான் டோனரின் அக்கா. மழை உட்கார்ந்திருந்தாரா? ஆம் எனில் தரையிலிருந்து கண் வரை எவ்வளவு உயரம் என்று அளவு நாடாவால் அளந்து சொல்லவும்.'

 பூனைதான் முதலில் எழுதியது. 'இங்கே ஆளைப் பற்றிக் கேட்பதில்லை.'

'ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. அளவைப் பற்றிக் கேட்கிறேன். அளவு கேட்காமல் யாருக்கும் சட்டை தைக்க முடியாது.'

"போச்சு. என்னை வெளிய தள்ளப் போறாங்க," என்றான் சின்னவன்.

 பிறகு மழையிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. சன்னமான குரல். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை.

"அக்கா, எங்க வீட்ல ஆள் அதிகம். மாடிப்படிக்கு அடியில மட்டும்தான் எனக்கு இடம். நின்னா தலை இடிக்கும், அதான் ஸ்டூல் போட்டு உக்காந்து எடுத்தேன். யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாருமே கேட்கல. இப்போ அளந்து அனுப்பறேன்."

அளவு வந்தது. அரை அங்குலம்வரை சரியாக எழுதியிருந்தாள். பெரியவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவளை விட்டுவிட்டுப் பல்லியிடம் போய்ப் பேசியிருக்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம் கோபமும் வந்தது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பூனை இன்னொன்று எழுதியது. 'டோனரின் அக்கா, அந்த அங்கியைத் தைத்தது நீங்களா? காலர் உள்பக்கமாக மடிந்து எழும்புகிறதே, பழைய தொடரில் இருந்தது போலவே. அது எப்படி என்று நாங்கள் இங்கே ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.'

அவள் அதைத் திரும்ப ஒருமுறை படித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தைத்த சீருடைகள் தெருவெல்லாம் நடந்து போயிருக்கின்றன. தையல் பிரிந்தால் வருவார்கள். அளவு சேராவிட்டால் வருவார்கள். காலர் எப்படி எழும்புகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி உருப்படியான கேள்வியை இப்படி ஒரு உருப்படாத கூட்டம்தானா வந்து கேட்க வேண்டும்?

'உள்ளே ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கிறேன்,' என்று எழுதிவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தாள்.

அடுத்து மீசை. மெல்லிய வலைத்துணியில் நூலை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். வெறும் கறுப்பு நூலில் செய்து பார்த்தாள், பாலிஷ் போடும் பிரஷ் மாதிரி வந்தது. பிரித்துவிட்டுக் கறுப்பும் பழுப்பும் கலந்தாள். நரைக்குச் சாம்பல் நூல் எடுத்தபோது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நரை வேண்டாமே. இதுலயாவது கறுப்பா இருக்கட்டும்."

"முன்னாடி எடுத்த காட்சியில நரை இருக்கு."

"கேப்டன் சாயம் பூசியிருப்பார்."

"நட்சத்திரத்துக்கு நடுவுல கடை வச்சிருக்காங்களா?"

சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்த வேலை மட்டும் சின்ன வயதிலிருந்தே நன்றாகச் செய்வான். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லு. சும்மாதான்னு சொன்னா ஊசியால குத்துவேன். ஏன்டா இதைப் பண்றே?"

அவன் நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசிக் காதில் விட்டான்.

"மெஷின் ஓடிட்டிருந்தா என்னை ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. நின்னாத்தான் கூப்பிடுவாங்க, அதுவும் திட்டறதுக்கு. சரி பண்ணிட்டா, போயிட்டு வான்னுகூடச் சொல்ல மாட்டாங்க. அங்க ஒரு துண்டு சேர்ந்தா அது இல்லாம அடுத்தது நிக்காது. அது என் துண்டு."

"வீட்ல?"

"வீட்ல நீ கேட்கற கேள்விக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாப் போயிடுது. எப்போ முடிப்பே, எப்போ கல்யாணம் கட்டுவே, எப்போ திருந்துவே. அங்க ஒருத்தரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

"நான் போய்க் கேட்டுட்டேனே."

"ஆமா. நீ அங்கயும் வந்துட்டே," என்றான். சிரித்தானா, நொந்துகொண்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசியை வாங்கி அடுத்த முடிச்சைப் போட்டாள். கேள்வி கேட்காமல் ஒருவனை எப்படி வளர்ப்பது? யாராவது வழி சொன்னால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் முதல் தடவை மாதிரியே ஜன்னல் பக்கமிருந்து விழுந்தது. பொத்தான்கள் கோட்டோடு போய்விட்டதால் அவளே பழைய டப்பாவில் தேடி வேறு நீலப் பொத்தான்கள் இரண்டைக் கொடுத்தாள். மழை அனுப்பிய அளவின்படி கைப்பிடியில் கீழே இறக்கி ஒட்டினார்கள். அளவு நாடாவை மறுபடி கட்டத் தரமாட்டேன் என்றாள். கயிற்றால் கட்டினால் துடைப்பம் ஆடியது. கடைசியில் அவளே தரையில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை மாடிவீட்டுக்காரர் மேசையை இழுத்தார். அடுத்த தடவை மீசையின் பசை மூக்கில் ஏறிக் கேப்டன் தும்மினார், மீசை ஒரு பக்கமாகத் தொங்கியது. அதற்கடுத்த தடவை, "நீ போ மகளே," என்று சொல்லிவிட்டு அடுத்த வரி மறந்துவிட்டது. "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், நேரமாகுது," என்று அதே உருக்கத்தில் சொன்னார். சின்னவன் ஸ்டூலில் இருந்து இறங்கி வந்து மீசையை ஒட்டினான். இவன் இப்போது சொல்வான், அந்தச் சொல்லை இப்போது சொல்வான் என்று பெரியவள் காத்திருந்தாள். 

"இன்னொரு தடவை மாமா," என்றான் சின்னவன். "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அவ சின்னப் பொண்ணு."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து நின்று முழங்கியபோது பிரசங்கம் மாதிரி இருந்த வரியைக் கீழே பார்த்துச் சொன்னபோது குரல் தானாகவே இறங்கிவிட்டது. "நீ போ மகளே. கப்பலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பொத்தான்களுக்குச் சற்றே கீழே பெரியவளின் தலை இருந்தது. அந்த வரி அவள் உச்சந்தலையில் வந்து விழுந்தது. பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா, அப்பா கப்பலைப் பார்த்துக்கறார், போய்ச் சாப்பிடு. இவர்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசி, சண்டை போட்டு, எழுதிக் கண்டுபிடித்த முடிவு இதுதானா? இதைத்தானே அவள் அன்றைக்கே, ஒரு காசு வாங்காமல் சொன்னாள்?

"கதையை யாருடா எழுதினது?" என்று கேட்டாள், சின்னவன் கைப்பேசியை இறக்கியதும்.

"எல்லாரும் சேர்ந்துதான். முடிவு மட்டும் நான் சொன்னேன்," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

அவள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மீசையைப் பத்திரமா கழட்டச் சொல்லு. பிய்ச்சு எடுத்தா கொன்னுடுவேன்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அனுப்பும் வேலை சாயங்காலம்வரை இழுத்தது. இணையம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று பெரியவள் உத்தரவு போட்டிருந்தாள். வீட்டுக்காரருக்குச் செய்தி பார்க்கக்கூட அனுமதி இல்லை. சின்னவன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், தோட்டக்காரர் முடித்ததும் கப்பல் வரும் என்று உட்கார்ந்திருந்த அதே மாதிரி, தாடையைக் கையில் தாங்கி. அவள் பள்ளிச் சட்டைகளுக்குக் கை தைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

விளக்கு போடும் நேரத்தில் கைப்பேசி முனகியது. அவன் படித்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

'சேர்ந்தது.'

அவ்வளவுதான். ஒரு வாழ்த்து இல்லை, ஒரு நன்றி இல்லை. இன்னும் ஒரு வார்த்தை எழுதினால் அந்தப் பூனைக்கு என்ன குறைந்துவிடும்? பெரியவள் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மறுநாள் காலை சீருடை வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாவிடம், "என் தம்பி ஒரு படம் முடிச்சிருக்கான்," என்றாள்.

"அப்படியா? எந்தத் தியேட்டர்ல?"

"தியேட்டர்ல எல்லாம் வராது."

"எவ்வளவு கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்த பதில் ஒன்றே ஒன்றுதான். "சும்மாதான்," என்றாள். சொன்ன கையோடு தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தம்மா போன பிறகு கூடத்தைக் கூட்ட வந்தாள். சின்னவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, துடைப்பத்தை மூலையில வச்சுட்டேன். கண்ணை மட்டும் எடுத்துடாதே. பூனை அடுத்த துண்டுகளைப் போட்டிருக்கு. உனக்கும் கேட்டிருக்காங்க, நாலு அங்கி."

எத்தனை நாளைக்கு, எப்போ முடிப்பே, நடுவுல விட்டுட மாட்டியே என்று மூன்று கேள்வியும் ஒன்றாக அவள் தொண்டைக்கு வந்தன. மூன்றையும் விழுங்கினாள். அது சுலபமாக இல்லை.

"அளவு அனுப்பச் சொல்லு," என்றாள். "நாடாவால அளந்து."

அவன் போனதும் துடைப்பத்தை எடுத்தாள். கீழே இறக்கி ஒட்டியதால் பொத்தான்கள் சரியாகக் கை பிடிக்கும் இடத்தில் இருந்தன. உள்ளங்கையில் குத்தின. சுரண்டி எடுக்கக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். பிறகு அதை மேசை மேல் வைத்துவிட்டு, கையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே கூட்ட ஆரம்பித்தாள்.